கோடை வெயிலைப் பூங்காவுக்கு அடியில் சேமித்த ஊர்... ஐந்து ஆண்டுகளை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்த கணினி!

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரி நகருக்குத் தெற்கே இருக்கிறது ஒக்கடோக்ஸ் என்ற சிற்றூர். ஜனவரியில் மைனஸ் 30 டிகிரி வரைகூடப் போகும் குளிர். அந்தக் குளிரில் இந்த ஊரின் 52 வீடுகளைக் கதகதப்பாக வைத்திருந்தது, அதற்கு முந்தைய ஜூன், ஜூலையில் அடித்த வெயில்!

'டிரேக் லேண்டிங்' என்பது அந்தக் குடியிருப்பின் பெயர். கோடையில் வெயிலின் சூட்டைப் பிடித்து, ஒரு சின்னப் பூங்காவுக்கு அடியில் மண்ணிலும் பாறையிலும் இறக்கி வைப்பார்கள். பனி கொட்டும்போது அதை மேலே எடுத்து வீடுகளுக்கு அனுப்புவார்கள். 2007-ல் செயல்பாட்டுக்கு வந்த இந்தத் திட்டம், 2015-16 குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கத் தேவைப்பட்ட வெப்பம் முழுவதையும், அதாவது 100 சதவிகிதத்தையும் சூரியனிடமிருந்தே எடுத்துக் காட்டியது.

இத்தனைக்கும், முதல் ஆண்டில் கிடைத்தது ஏறத்தாழ 55 சதவிகிதம்தான். மீதிக்கு இயற்கை எரிவாயு பாய்லரை எரிக்க வேண்டியிருந்தது. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய ஒன்று முதல் ஆண்டில் பாதிதான் வேலை செய்தால், ஊரில் என்ன பேசுவார்கள்? ஆனால், பொறியாளர்கள் பதறவில்லை. ஆரம்பத்தில் கொஞ்சம்தான் வரும், ஐந்தாம் ஆண்டில்தான் 90 சதவிகிதத்தைத் தாண்டும் என்று, ஒரு துளைகூடப் போடுவதற்கு முன்பே கணினி அவர்களிடம் சொல்லியிருந்தது.

அந்தக் கணிப்பு எப்படிச் செய்யப்பட்டது என்பதற்குள் போவதற்கு முன், கணினி இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம்.

உப்பில் சூட்டைச் சேமித்த மரியா

1948. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டோவர் என்ற ஊர். ஹங்கேரியில் பிறந்த விஞ்ஞானி மரியா டெல்கெஸ், கட்டடக் கலைஞர் எலினார் ரேமண்ட், பணம் போட்ட அமீலியா பீபாடி என மூன்று பெண்கள் சேர்ந்து, சூரிய வெப்பத்தை மட்டுமே நம்பி ஒரு வீட்டைக் கட்டினார்கள். 'டோவர் சன் ஹவுஸ்' என்று அது அந்தக் காலத்தில் பத்திரிகைகளில் பேசப்பட்டது.

அவர்கள் சூட்டைச் சேமித்தது தண்ணீரில் அல்ல, கிளாபர் உப்பில். சுமார் 32 டிகிரியில் உருகும் உப்பு அது. பகலில் உருகும்போது நிறைய சூட்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். இரவில் மறுபடி இறுகும்போது அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். அதே எடையுள்ள தண்ணீரைவிடப் பல மடங்கு வெப்பம் தாங்கும் என்பதால், இடமும் மிச்சம். யோசனை அபாரமானது.

முதல் குளிர்காலங்கள் ஓரளவு ஓடின. பிறகு, உருகி உருகி இறுகியதில் உப்பு தனியாகவும் நீர் தனியாகவும் பிரிந்து, கனமானது அடியில் படிந்துவிட்டது. அதன்பின் உருகுவதும் இறுகுவதும் ஒழுங்காக நடக்கவில்லை. உப்பை அடைத்து வைத்திருந்த கலன்களும் அரித்து ஒழுகத் தொடங்கின. சில ஆண்டுகளிலேயே வழக்கமான ஹீட்டருக்கு மாற வேண்டியதாயிற்று.

டெல்கெஸைக் குறை சொல்வதற்கில்லை. நூறாவது முறை, இருநூறாவது முறை உருகும்போது என்ன ஆகும், தொடர்ந்து ஏழு நாள் மேகமூட்டம் வந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் தெரிந்துகொள்ள அன்று ஒரே வழிதான் இருந்தது. வீட்டைக் கட்டி, ஆட்களைக் குடிவைத்து, காத்திருப்பது!

200 லிட்டர் தொட்டியில் ஒரு கணக்கு

சூரிய வெப்பத்தைக் கணக்கிடுவது அவ்வளவு கஷ்டமா என்ன? நம் மொட்டைமாடியில் இருக்கும் சோலார் வாட்டர் ஹீட்டரையே எடுத்துக்கொள்வோம்.

தொட்டியில் 200 லிட்டர் தண்ணீர். அதை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக, மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 7 யூனிட் வெப்பம் தேவை. ஒரு டிகிரி உயர்த்தக் கிட்டத்தட்ட கால் யூனிட். காலை 10 மணியிலிருந்து 11 மணிக்குள் வெயில் ஒரு யூனிட் வெப்பம் தந்தால், தண்ணீர் சுமார் 4 டிகிரி சூடாகும். இதுவரை எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

சிக்கல் அடுத்த மணி நேரத்தில் வருகிறது. இப்போது தண்ணீர் ஏற்கெனவே சூடாக இருப்பதால், வெயிலில் காயும் தகடும் முன்பைவிடச் சூடாக இருக்கும். சூடான தகடு சுற்றியிருக்கும் காற்றில் அதிக வெப்பத்தை இழக்கும். ஆக, அதே வெயில் அடித்தாலும் தொட்டிக்குள் போவது குறையும். இதற்கு நடுவில் வீட்டில் யாராவது இரண்டு வாளி வெந்நீர் எடுத்துவிட்டால், தொட்டியின் அடியில் குளிர்ந்த நீர் வந்து சேரும். தகடு திரும்பவும் நன்றாக வேலை செய்யத் தொடங்கும். அதோடு, தொட்டி முழுவதும் ஒரே சூடாகவும் இருக்காது. மேலே சூடு, கீழே குளிர்ச்சி என்று அடுக்கடுக்காக நிற்கும்.

தகட்டின் நிலையைச் சொல்ல தொட்டியின் சூடு தெரிய வேண்டும். தொட்டியின் சூட்டைச் சொல்ல தகட்டின் நிலை தெரிய வேண்டும். ஒன்றின் விடை இன்னொன்றின் கேள்வி. இதை ஒவ்வொரு மணிக்கும், ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் கையால் போட்டுப் பார்க்க யாருக்குப் பொறுமை உண்டு?

இதற்காகவே வந்தது 'டிரான்சிஸ்' என்ற மென்பொருள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், மேடிசன் நகரில், 1950-களில் ஃபாரிங்டன் டேனியல்ஸ் தொடங்கிவைத்த சூரிய ஆற்றல் ஆய்வகத்தில் உருவானது. சான்ஃபோர்ட் க்ளைன், வில்லியம் பெக்மன், ஜான் டஃபி போன்றோர் இதன் பின்னால் இருந்தவர்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு சூரிய வெப்பத்தின் பக்கம் எல்லோர் பார்வையும் திரும்பியிருந்த நேரம் அது. 1975-ல் மென்பொருள் வெளியுலகத்துக்கு வந்தது. அரை நூற்றாண்டு தாண்டியும் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. கணினி உலகில் இது அபூர்வம்.

டிரான்சிஸின் அடிப்படை, குழந்தைகளின் பிளாஸ்டிக் கட்டைகள் மாதிரி. தகடு ஒரு கட்டை, தொட்டி ஒரு கட்டை, பம்ப் ஒரு கட்டை, குழாய் ஒரு கட்டை, வீடு ஒரு கட்டை. ஒவ்வொன்றுக்குள்ளும் அதன் இயல்பைச் சொல்லும் சமன்பாடுகள் இருக்கும். ஒரு கட்டையிலிருந்து வெளியே வரும் நீரின் சூடும் அளவும் அடுத்த கட்டைக்குள் போகும். வெளியே இருந்து வானிலைக் கோப்பு ஒன்று, இந்த மணியில் இவ்வளவு வெயில், இவ்வளவு குளிர், இவ்வளவு காற்று என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வரும். எல்லாக் கட்டைகளின் விடைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் வரை கணினி திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும். ஒத்துப்போனதும் அடுத்த மணிக்கு நகரும்.

அன்று எல்லோரிடமும் கணினி இல்லையே! அதற்கும் க்ளைன் ஒரு வழி கண்டார். நூற்றுக்கணக்கான முறை கணினியில் ஓட்டிப் பார்த்து, கிடைத்த விடைகளை ஒரே வரைபடத்துக்குள் சுருக்கினார். 'எஃப்-சார்ட்' என்று பெயர். சாதாரண கால்குலேட்டரை வைத்துக்கொண்டே, இத்தனை சதுர மீட்டர் தகடு போட்டால் ஆண்டுக்கு இத்தனை பங்கு வெப்பம் சூரியனிடமிருந்து வரும் என்று ஒரு பொறியாளர் சொல்லிவிட முடிந்தது.

இன்று இதே வகைக் கணக்கை மாணவர்களும் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க எரிசக்தித் துறையின் கீழ் வரும் ஆய்வகம் ஒன்று உருவாக்கிய 'சாம்' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சோலார் வாட்டர் ஹீட்டர் மாடலும் அதில் இருக்கிறது.

அண்டா ஆறாது, டம்ளர் ஆறிவிடும்

மறுபடி ஒக்கடோக்ஸ். ஒரு நாள் சூட்டை இரவு வரை வைத்திருப்பது ஒரு விஷயம். ஜூலைச் சூட்டை ஜனவரி வரை வைத்திருப்பது முற்றிலும் வேறு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனம் 1939-லேயே ஒரு சிறிய சோதனை வீட்டின் அடித்தளத்தில் பிரமாண்டமான தண்ணீர்த் தொட்டி வைத்து இதைச் செய்து பார்த்தது. வேலை செய்தது. ஆனால், ஒரு குட்டி வீட்டுக்கு அத்தனை பெரிய தொட்டி என்றால் செலவு எங்கே கட்டுப்படியாகும்?

கல்யாண வீட்டு அண்டாவில் சாம்பார் பல மணி நேரம் கொதிசூட்டுடன் இருக்கும். அதையே டம்ளரில் ஊற்றினால் பத்து நிமிடத்தில் ஆறிவிடும். காரணம், சூட்டைத் தாங்குவது உள்ளே இருக்கும் கொள்ளளவு. இழப்பது வெளிப் பரப்பு. ஒரு மீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தில் ஒரு கன மீட்டர் கொள்ளளவுக்கு 6 சதுர மீட்டர் வெளிப்பரப்பு. பத்து மீட்டர் பக்கமுள்ள கனசதுரத்திலோ 1,000 கன மீட்டருக்கு 600 சதுர மீட்டர். அதாவது, ஒரு கன மீட்டருக்கு வெறும் 0.6. இழப்பு பத்தில் ஒரு பங்கு! தனி வீட்டுக்குக் கட்டுப்படியாகாத ஒன்று, 52 வீடுகள் சேர்ந்தால் கட்டுப்படியாகும் என்பதற்கு இதுதான் அடிப்படை.

கார் ஷெட்களின் கூரை மேல் சுமார் 800 வெப்பத் தகடுகளைப் பொருத்தினார்கள். இவை மின்சாரம் தரும் பேனல்கள் அல்ல, திரவத்தைச் சூடாக்குபவை. குளிரில் உறையாமல் இருக்க தண்ணீருடன் கிளைக்கால் கலந்த திரவம் அதற்குள் ஓடியது. பூங்காவுக்கு அடியில் 144 துளைகள். ஒவ்வொன்றும் சுமார் 35 மீட்டர் ஆழம், அதாவது பத்து மாடிக் கட்டடத்தைத் தலைகீழாக நிறுத்தியது போல. நம் ஊர் போர்வெல் மாதிரிதான், ஆனால் தண்ணீர் எடுக்க அல்ல. ஒவ்வொரு துளையிலும் 'U' வடிவப் பிளாஸ்டிக் குழாய். சுடுநீர் அதில் இறங்கி ஏறும்போது சுற்றியுள்ள மண்ணுக்குச் சூட்டைக் கொடுக்கும். மேற்பரப்பில் கனமான வெப்பக்காப்பு, அதன் மேல் களிமண், அதற்கும் மேல் புல்தரை. கீழே என்ன இருக்கிறது என்று பூங்காவில் நடப்பவருக்குத் தெரியாது.

கோடை முடியும்போது அந்த மண்ணின் மையப் பகுதி 80 டிகிரி வரை சூடேறக்கூடியது.

கணினி எடுத்துக்கொடுத்த முடிவுகள்

இந்த வடிவமைப்பை டிரான்சிஸில்தான் ஓட்டிப் பார்த்தார்கள். மண்ணுக்குள் வெப்பம் எப்படிப் பரவும் என்பதற்கு, ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் யோரன் ஹெல்ஸ்ட்ரோம் உருவாக்கிய மாடல் ஒரு கட்டையாகச் சேர்க்கப்பட்டது.

மாடல் இங்கே ஏன் இவ்வளவு முக்கியம்? மண்ணுக்குள் வெப்பம் ஆமையைவிட மெதுவாக நகரும். ஒரு மாதத்தில் ஓரிரு மீட்டர், அவ்வளவுதான். குளிர்ந்து கிடக்கும் அவ்வளவு பெரிய மண் திரளை முதலில் சூடேற்றவே சில கோடைகள் ஆகும். முதல் ஆண்டுகளில் உள்ளே போடும் சூட்டில் பெரும்பங்கு, புது மண்பானை தண்ணீரைக் குடிப்பதுபோல மண்ணுக்கே போய்விடும். துளைகளுக்கு இடையே இடைவெளி இரண்டு மீட்டரா, மூன்று மீட்டரா? 35 மீட்டர் ஆழம் போதுமா? தப்பாக முடிவெடுத்தால் அது தெரியவே ஐந்து ஆண்டுகள் ஆகும். தெரிந்த பிறகு தோண்டிய துளையை நகர்த்தவும் முடியாது. கணினியிலோ ஒரு எண்ணை மாற்றிவிட்டு, அடுத்த பல ஆண்டுகளை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.

வெளியில் இருந்து பார்த்தால் வீண் செலவு போலத் தோன்றும் ஒன்று அங்கே இருந்தது. நிலத்தடியில் அவ்வளவு பெரிய சேமிப்பு இருக்கும்போது, தரைமேல் எதற்கு இன்னும் இரண்டு ராட்சதத் தண்ணீர்த் தொட்டிகள்? மொத்தம் 240 கன மீட்டர், அதாவது 2,40,000 லிட்டர்! காரணம் அந்த மெதுவான மண்தான். உச்சி வெயிலில் தகடுகள் தரும் வெப்பம் 1.5 மெகாவாட் வரை போகும். அந்த வேகத்துக்கு மண்ணால் ஈடுகொடுத்து உறிஞ்ச முடியாது. பகலில் கொட்டுவதைத் தொட்டி வாங்கி வைத்துக்கொண்டு, இரவு முழுக்க மண்ணுக்கு நிதானமாக ஊட்டும். குளிர்காலத்தில் இதுவே தலைகீழாக நடக்கும். விடிகாலையில் எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் சூடு கேட்கும்போது, மண்ணால் உடனடியாகத் தர முடியாததைத் தொட்டி தரும்.

துளைகளை இணைத்த விதத்திலும் ஒரு சூட்சுமம். ஆறு ஆறாகச் சேர்த்து 24 வரிசைகள். கோடையில் சுடுநீர் நடுவில் நுழைந்து ஓரத்தில் வெளியேறும். குளிர்காலத்தில் ஓரத்தில் நுழைந்து நடுவில் வெளியேறும். இதனால் நடுப்பகுதி எப்போதும் அதிகச் சூடாகவும், ஓரம் ஒப்பீட்டளவில் குளிர்ந்தும் இருக்கும். ஓரம் குளிர்ந்திருந்தால் வெளியே கசியும் சூடும் குறைவு.

வீடுகளையும் சும்மா விடவில்லை. சாதாரண வீட்டைவிடக் குறைந்த எரிசக்தியில் ஓடும்படி, 'ஆர்-2000' என்ற கனடாவின் தரநிலையில் கட்டினார்கள். சுவர்களில் நல்ல வெப்பக்காப்பு, இறுக்கமான ஜன்னல்கள். 40 டிகிரியை ஒட்டிய வெதுவெதுப்பான நீர் வந்தாலே அறையைச் சூடாக்கிவிடும்படி, காற்றூதும் கருவிகள் பெரிய அளவில் வைக்கப்பட்டன. கொதிக்கும் நீர் கேட்கும் வீடாக இருந்திருந்தால், பிப்ரவரியில் மண்ணில் மிச்சமிருக்கும் சூட்டை வைத்து ஒன்றும் செய்திருக்க முடியாது.

ஐந்தாம் ஆண்டு வந்தது

2007-08-ல் ஏறத்தாழ 55 சதவிகிதத்தில் தொடங்கிய சூரிய வெப்பத்தின் பங்கு, மூன்றாம் ஆண்டில் 80-ஐ ஒட்டி வந்தது. இடையில் கிடைத்த உண்மையான அளவீடுகளை மாடலோடு ஒப்பிட்டு, மாடலையும் பொறியாளர்கள் திருத்தினார்கள். ஐந்தாம் ஆண்டான 2011-12-ல் எட்டிய அளவு 97 சதவிகிதம். 90-ஐத் தாண்டும் என்று காகிதத்தில் இருந்த வரி, நிஜமாகிவிட்டது. வீடுகளின் வெப்பத் தேவையில் இத்தனை பங்கைச் சூரியனிடமிருந்து பெற்ற குடியிருப்பு உலகில் வேறெங்கும் அன்று இல்லை. விருதுகள் வந்தன, பல நாடுகளிலிருந்து பார்வையாளர்கள் வந்தார்கள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2024-ல் டிரேக் லேண்டிங் அமைப்பு மூடப்படும் நிலைக்கு வந்தது. 17 ஆண்டுகள் ஓடிய கருவிகள் பழுதாகத் தொடங்கின. மாற்று உதிரி பாகங்கள் கிடைப்பது கடினமானது. பலவும் இந்தத் திட்டத்துக்காகத் தனியாகச் செய்யப்பட்டவை என்பதால், கடையில் போய் வாங்கிவிடவும் முடியாது. பராமரித்து ஓட்டுவதற்கான செலவு கட்டுப்படியாகாது என்று முடிவானது. வீடுகள் ஒவ்வொன்றாக, அக்கம்பக்கத்தில் எல்லோரும் வைத்திருக்கும் இயற்கை எரிவாயு ஹீட்டருக்கு மாறின. எரிவாயு வேண்டாம் என்று விரும்பி வீடு வாங்கிய குடும்பங்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வேடிக்கை என்னவென்றால், கணக்குப் போடக் கடினமான பகுதியான மண்ணும், துளைகளும், பருவம் கடந்த சேமிப்பும் கணினி சொன்னபடியே நடந்தன. கைவிட்டது பம்ப், குழாய் இணைப்பு, காற்றூதும் கருவி போன்ற சாதாரணச் சாமான்கள். டிரான்சிஸில் பம்ப் என்ற கட்டை பழுதாவதில்லை. வால்வு ஒழுகாது. அதைச் செய்த கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிடாது. அதையெல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றால் மனிதர்கள்தான் தனியாக உட்கார்ந்து சேர்க்க வேண்டும். பராமரிப்புச் செலவைப் பகிர்ந்துகொள்ள 52 வீடுகள் என்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கை. மண்ணுக்குப் பொருந்திய அண்டா-டம்ளர் கணக்கு பணத்துக்கும் பொருந்தும்போல!

இந்த இடத்தில் டென்மார்க்கைப் பார்ப்பது நல்லது. அங்கே மார்ஸ்டால், ட்ரானிங்லுண்ட், வோயன்ஸ் போன்ற சிற்றூர்கள் இதே வேலையை வேறு விதமாகச் செய்கின்றன. துளைகளுக்குப் பதில், ஏரி போலப் பெரிய குழி வெட்டி, பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, சுடுநீரை நிரப்பி, மேலே மிதக்கும் மூடி போட்டுவிடுகிறார்கள். மார்ஸ்டாலில் 75,000 கன மீட்டர். வோயன்ஸில் 2,00,000 கன மீட்டர். இவற்றையும் கணினி மாடல் இல்லாமல் யாரும் தொடங்குவதில்லை. சூட்டை வாங்குவது ஐம்பது வீடுகள் அல்ல, ஊரே. பல இடங்களில் நிறுவனமும் அந்த நுகர்வோரின் கூட்டுறவுக்கே சொந்தம்.

அங்கும் பழுது வராமல் இல்லை. மார்ஸ்டாலிலும் ட்ரானிங்லுண்டிலும், குழியை மூடியிருந்த வெப்பக்காப்பு மூடி கெட்டுப்போனது. இரண்டு ஊர்களும் புது மூடி வாங்கிப் போட்டு, அடுத்த கோடைக்கு மீண்டும் நிரப்பத் தொடங்கிவிட்டன.